மருந்தின் சொந்தப் பெயர்

செங்கலடியிலிருந்து மஹாஓயா வழியாகப் பதுளைக்குச் செல்லும் வீதியில் பிபிலை என்றோர் ஊர் இருக்கிறது. நமது அம்பாறை மாவட்டத்துக்கு அயலிலுள்ள மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. தோடம்பழத்துக்குப் பெயர் போனது. அந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ஒருவர், உலகத்தின் பெரிய மருந்துக் கம்பனிகளையெல்லாம் சில வருடங்கள் இந்தச் சின்ன நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அவர்தான் பேராசிரியர் சேனக பிபிலே. நமது பாடப் புத்தகங்களில் அவர் பெயர் அதிகம் வருவதில்லை. ஆனால் நம் ஒவ்வொருவரின் வீட்டிலும் இருக்கின்ற மருந்துப் பைக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு.

அவர் 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்தார். தந்தை ஊவா வெல்லஸ்ஸப் பகுதியில் ரட்டேமஹத்தயா பதவி வகித்தவர். அதாவது வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தார். பிறகு கொழும்பில் மருத்துவம் படித்து 1945இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். மருத்துவத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் உரிய தங்கப் பதக்கங்கள் இரண்டும் அவருக்கே கிடைத்தன. இப்படியான ஒருவர் எந்தத் துறைக்குப் போவார் என்று நாம் எதிர்பார்ப்போம்? பெரிய சத்திரசிகிச்சை நிபுணராகி இருப்பார் என்போம். அவரோ மருந்தியலைத் தெரிவு செய்தார். நோயாளிகள் வரிசையில் வந்து நிற்கும் துறையல்ல அது. ஒரு மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் நல்லது, எவ்வளவு கொடுத்தால் கேடு என்று ஆய்வுகூடத்தில் இருந்து பார்க்கின்ற துறை.

மேற்படிப்புக்காக ஸ்கொட்லாந்திலுள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் ஜோன் கடம் என்பவரின் கீழ் ஆராய்ச்சி செய்து 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். கடம் அக்காலத்தில் மருந்தின் வலிமையை அளக்கும் முறைகளுக்குப் பெயர் பெற்றவர். இன்று ஒரு மாத்திரையில் என்ன இருக்கிறது என்பதை இயந்திரம் சொல்லிவிடும். அன்று பல மருந்துகளை உயிருள்ள இழையத்தைக் கொண்டுதான் அளந்தார்கள். கினிப்பன்றியின் குடலில் ஒரு சிறு துண்டை வெட்டி, இளஞ்சூடான உப்புக் கரைசலில் தொங்கவிடுவார்கள். (பெயரில்தான் பன்றி இருக்கிறது, அது எலி போன்ற கொறிக்கும் பிராணி.) மருந்துத் துளி விழுந்ததும் குடல் சுருங்கும். அதனோடு கட்டிய நெம்பு, புகைக்கரி பூசிய உருளையில் கோடு கீறும். கோட்டின் உயரத்தைத் தெரிந்த மருந்து ஒன்றின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தெரியாத மருந்தின் அளவைக் கணிப்பார்கள். மனித உடலுக்குப் பதிலாக மேசை மேல் வைத்த ஒரு சிறு மாதிரி என்று அதைச் சொல்லலாம்.

பிராணியின் உடல் சொல்வதை மனித உடல் அப்படியே ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்வி புதியதல்ல. இஸ்லாமிய வரலாற்றில் நாம் படிக்கின்ற இப்னு சீனா, ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே தமது அல் கானூன் நூலில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு விதிகள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று, சோதனை மனித உடலிலேயே நடக்க வேண்டும் என்பது. சிங்கத்திலோ குதிரையிலோ சோதித்த மருந்து மனிதனில் என்ன செய்யும் என்பதற்கு அது சான்றாகாது என்பது அவரின் கருத்து. எந்தப் பிராணியையும் கண்ணால் பார்த்திராத புது மருந்தை நேராக மனிதனுக்குக் கொடுப்பதும் ஆபத்து. மருந்தியல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றுவரை நிற்கிறது.

நாடு திரும்பிய பிபிலே, 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். அடுத்த மூன்றே வருடங்களில் உலகத்தை உலுக்கிய சம்பவம் நடந்தது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற தூக்க மருந்தைக் கர்ப்பிணித் தாய்மார் வாந்தி நிற்பதற்காகவும் பாவித்தார்கள். கை கால் வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. 1961 நவம்பரில் மருந்து நிறுத்தப்படுவதற்குள் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விற்பனைக்கு விடுமுன் பிராணிகளில் சோதித்ததில் இந்த ஆபத்து தெரியவரவில்லை. அந்த மருந்து ஒரே பெயரில் விற்கப்படவும் இல்லை. நாட்டுக்கு நாடு வேறு வேறு வர்த்தகப் பெயர்.

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதன் சொந்தப் பெயர். விஞ்ஞானிகளும் உலக சுகாதார நிறுவனமும் வழங்குகின்ற பொதுப்பெயர். மற்றது கம்பனி வைக்கின்ற வர்த்தகப் பெயர். பரசிட்டமோல் என்பது சொந்தப் பெயர். பெனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். நம் ஊரில் காய்ச்சல் என்றால் யாரும் பரசிட்டமோல் தா என்று பாமசியில் கேட்பதில்லை, பெனடோல் என்றுதான் கேட்போம். மூத்தம்மாமாருக்கு அது மருந்தின் பெயராகவே ஆகிவிட்டது. இதில் என்ன பெரிய தீங்கு என்று நினைக்கலாம். தீங்கு எங்கே என்பதை ஈரல் சொல்லும்.

நாம் விழுங்குகின்ற மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு, உடல் முழுவதும் பரவுமுன் முதலில் ஈரல் வாயில் நாளம் வழியாக ஈரலுக்குத்தான் போகிறது. உயிரியல் பாடத்தில் இந்த நாளத்தை வரைந்து பெயரிடாத மாணவி இருக்க மாட்டார். ஈரலிலுள்ள நொதியங்கள் மருந்தை மாற்றி, உடலை விட்டு வெளியேறக்கூடிய பொருளாக்குகின்றன. அதனால் ஒரு மருந்தின் நச்சுத்தன்மையை முதலில் தாங்குவதும் ஈரலே. பரசிட்டமோலை எடுத்துக்கொண்டால், அளவோடு பாவிக்கும்போது அதில் மிகச் சிறிய பங்கு மட்டும் நச்சுப் பொருளாக மாறுகிறது. ஈரலிலுள்ள குளுட்டாதையோன் என்ற பொருள் அதனோடு சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும. அளவு கூடிப் போனால் குளுட்டாதையோன் தீர்ந்துவிடுகிறது. பிறகு நச்சு ஈரற் கலங்களைத் தாக்கும். இந்த ஆபத்து 1966இல்தான் மருத்துவ இதழ்களில் பதிவானது. அது நடக்கும் வழியை 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் ஈரலில் படிப்படியாகக் காட்டினார்கள். மாற்று மருந்தும் அந்த எலி ஆய்வின் வழியேதான் உருவானது. ஆய்வுகூட மாதிரி ஒன்று மனித உயிரைக் காத்ததற்கு இது நல்ல உதாரணம்.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். தடிமனுக்கு என்று வாங்குகின்ற பல மாத்திரைகளுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது. உடம்பு வலிக்கென்று தருகின்ற சிலவற்றுக்குள்ளும் இருக்கிறது. மேலே வேறு பெயர். அது ஒன்று, காய்ச்சலுக்குப் பெனடோல் இன்னொன்று என்று எடுப்பவர், தான் ஒரே மருந்தை இரண்டு தரம் எடுப்பதை அறியமாட்டார். வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பொது விதி. ஆனால் பெயர் தெரியாதவர் எதை எண்ணுவார்? சீனி, பிரஷர் நோயுள்ள பெரியவர்களின் பையிலும் இதே கதைதான். அரசாங்க வைத்தியசாலை தந்த மாத்திரை ஒரு பெயரில், தனியார் கிளினிக்கில் எழுதியது இன்னொரு பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே மருந்தாகவும் இருக்கலாம்.

பிபிலே இதைத்தான் பிடித்துக்கொண்டார். புது மருந்தைக் கண்டுபிடிக்கவும் சோதிக்கவும் பெரிய ஆய்வுகூடங்கள் நம் நாட்டில் இல்லை. ஆனால் உலகத்தில் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட மருந்துகளில் எது நமக்குத் தேவை, எதன் நன்மை தீமை நன்றாகத் தெரியும் என்று பிரித்தறியும் அறிவு நமக்கு இருக்கலாமே! சில நூறு மருந்துகளை நன்றாக அறிந்த வைத்தியர், சில ஆயிரம் மருந்துகளை விளம்பரத்தில் மட்டும் அறிந்த வைத்தியரை விடப் பாதுகாப்பானவர். இந்த எண்ணத்தோடு அவரும் சக வைத்தியர்களும் 1950களின் இறுதியிலேயே அரசாங்க வைத்தியசாலைகளுக்கென மருந்துக் கையேடு ஒன்றைத் தயாரித்தார்கள். மருந்துகள் அதில் பொதுப்பெயரில் இடம்பெற்றன. கம்பனி விற்பனைப் பிரதிநிதிகள் தருகின்ற வர்ணப் பத்திரிகைகளுக்குப் பதிலாக, பக்கச் சார்பற்ற மருந்துக் குறிப்புகளை வைத்தியர்களுக்கு அனுப்பும் வேலையையும் தொடங்கினார். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தார். மாணவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்பதைப் போலவே எப்படிக் கற்பிப்பது என்பதிலும் அக்கறை காட்டிய ஆசிரியர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர். 1970இல் அக்கட்சியும் பங்கெடுத்த அரசாங்கம் ஆட்சிக்கு வந்தது. வைத்தியரும் அரசியல்வாதியுமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து 1971இல் நாட்டின் மருந்து விவகாரம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதே வருடம் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பிபிலே. ஒசுசல என்று நகரங்களில் நாம் காணும் அரச பாமசிகள் இந்தக் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்தவையே.

அடுத்த ஐந்து வருடங்களும் அவர் வாழ்க்கையின் மிகக் கடினமான காலம் என்று நினைக்கிறேன். நாட்டுக்குள் சுமார் 2,100 வகை மருந்துகள் வந்துகொண்டிருந்தன. ஒரே மருந்து பல பெயர்களில் வந்தது, தேவையற்ற கலவைகளும் இருந்தன. நிபுணர் குழு அவற்றைச் சுமார் 600 ஆகக் குறைத்தது. மருந்துகளைப் பொதுப்பெயரில் உலகம் முழுவதும் விலை கோரி வாங்கினார்கள். பல மருந்துகளின் விலை வெகுவாகக் குறைந்தது. குறைந்த விலையில் வாங்கியதால் அதே பணத்துக்கு அதிக மருந்து கிடைத்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் அரிசிக்கும் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. கம்பனிகள் எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. வைத்தியர்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள். மலிவான மருந்து தரமற்றது, ஒரே பொதுப்பெயர் என்பதற்காக இரண்டு கம்பனிகளின் மாத்திரையும் ஒன்றுபோல வேலை செய்யாது என்றார்கள். இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடக் கூடாது. ஒரு மாத்திரை வயிற்றில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது, இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பது தயாரிப்பைப் பொறுத்து மாறலாம். பெயரைச் சரியாக எழுதினால் போதாது, பெட்டிக்குள் இருப்பது அந்தப் பெயருக்கு உரியதுதானா என்று சோதிக்க ஆய்வுகூடமும் வேண்டும். பட்டியலை உருவாக்கிய வேகத்தில் நம் நாடு சோதனை வசதியை உருவாக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதற்குத் தீர்வு ஆய்வுகூடத்தைப் பெருப்பிப்பது. வர்த்தகப் பெயருக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பது எப்படித் தீர்வாகும்?

அந்தப் போராட்டத்தில் ஒரு சம்பவத்தைப் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். 1974இல் நாட்டில் கொலரா பரவியது. அதற்குத் தேவையான டெட்ராசைக்ளின் மருந்தின் மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் வேறொரு நிறுவனத்திடம் வாங்கி வைத்திருந்தது. அதை மாத்திரையாக்கும் தொழிற்சாலை இங்கே பைசர் கம்பனியிடம் இருந்தது. கம்பனி அந்த மூலப்பொருளைப் பாவிக்க முன்வரவில்லை. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே தலையிட்டார். முடிவில் மருந்தை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கூடிய விலைக்கு இறக்க வேண்டியதாயிற்று. நோய் பரவும் நாட்களில் ஒரு நாடு மாத்திரைக்காக இப்படிக் கையேந்தி நின்றது.

1975இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்தை விட்டு விலக்கப்பட்டது. மறு வருடம் பிபிலே கூட்டுத்தாபனத் தலைவர் பதவியில் இல்லை. ஆனால் 1976 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அவருடைய வழியை ஏழை நாடுகள் யாவற்றுக்கும் பொருத்தமானதாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அங்க்டாட் எனப்படும் ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டு அமைப்பு அவரை அழைத்துக்கொண்டது. தன் நாட்டில் செய்ததைப் பிற நாடுகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டார். அந்தப் பணியில் தென்னமெரிக்காவின் கயானா நாட்டுக்குச் சென்றிருந்தபோது, 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி ஜோர்ஜ்டவுன் நகரில் திடீரென இறந்தார். வயது 57.

அதற்கு அடுத்த மாதம், 1977 ஒக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பொதுப்பெயரில் அமைந்த குறுகிய பட்டியல். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1982இல் பங்களாதேஷ் தனது மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்தது. தேவையற்ற மருந்துகளை நீக்குவது என்ற அதே பாதைதான். இலங்கையிலோ 1977இல் ஆட்சி மாறியதும் இறக்குமதிக் கதவுகள் மீண்டும் அகலத் திறந்தன. பெயர்கள் மறுபடி பெருகின.

ஆய்வுகூடம் இன்று வெகுதூரம் போய்விட்டது, இனியும் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்று எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. உண்மைதான், 1993இல் அமெரிக்காவில் ஃபையலூரிடின் என்ற ஈரல் அழற்சி மருந்தைப் பரிசோதித்தபோது, அது பிராணிகளில் பெரிய கேடு காட்டாமல் வந்த மருந்து. அதை எடுத்த 15 நோயாளிகளில் ஐவர் இறந்தார்கள், இருவர் ஈரல் மாற்றுச் சிகிச்சையால் பிழைத்தார்கள். எலியின் ஈரல் மனித ஈரல் அல்ல என்பதை அந்த ஐந்து உயிர்கள் காட்டின. பிற்பாடு மனித ஈரற் கலங்களை உடலில் சுமக்கும் எலிகளை உருவாக்கி 2014இல் சோதித்தபோது அதே கேடு எலியிலும் தெரிந்தது. இப்போது பென் டிரைவ் அளவான சில்லு ஒன்றுக்குள் மனித ஈரற் கலங்களை வளர்த்து, இரத்தம் ஓடுவதைப் போல் திரவத்தை ஓடவிட்டு மருந்தைச் சோதிக்கிறார்கள். 2022இல் வெளியான ஆய்வொன்றில் 870 சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்தார்கள். ஈரலுக்குக் கேடு செய்பவை என்று ஏற்கெனவே அறியப்பட்ட மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு கண்டுபிடித்தது. கடம் அவர்களின் குடல் துண்டு எங்கே, இந்தச் சில்லு எங்கே!

ஆனாலும் மீதி 13 சதவீதம் இருக்கிறது. அது தெரிய வருவது மருந்து மக்களிடம் வந்த பிறகுதான். கல்முனையில் ஒரு வைத்தியர் ஈரல் பாதித்த ஒருவரைப் பார்க்கிறார், குருநாகலில் இன்னொருவர் பார்க்கிறார், யாழ்ப்பாணத்தில் மற்றொருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் எழுதியது மூன்று வர்த்தகப் பெயர்களாக இருந்தால், மூன்றும் ஒரே மருந்து என்பது யார் கண்ணில் படும்? சில்லு தவறவிட்டதைப் பிடிக்கின்ற வலையே பொதுப்பெயர்தான்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைந்தபோது, பிபிலேயின் பெயர் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் மீண்டும் அடிபட்டது. அவர் இறந்து 38 வருடங்களுக்குப் பிறகு. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்த மாதங்களில், எங்கள் பகுதியில் பலர் துண்டை வைத்துக்கொண்டு பாமசி பாமசியாக ஏறி இறங்கினார்கள். எழுதிய பெயரில் மருந்து இல்லை, அதே மருந்து வேறு பெயரில் இருக்கிறது என்று பாமசியில் சொன்னால் சிலர் வாங்கினார்கள், சிலர் பயந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அந்தச் சொந்தப் பெயர் பெரிய எழுத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் பெரியவர்கள் நம்மிடம்தான் நீட்டுவார்கள்.